87 மடங்கு சுருங்காத விஷயங்கள்

முதல் முதலா என் மாடல் ரயில் தண்டவாளத்துக்கு ஜல்லி போட்ட அன்னிக்கு நடந்தது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. ரெண்டு மணி நேரம் உக்காந்து ஸ்லீப்பருக்கு நடுவுல நடுவுல மெல்லிசா ஜல்லியத் தூவி, பிரஷ்ஷால கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி, ரெண்டு பக்கமும் சரிவ ஒரே மாதிரி இழுத்து விட்டு, பாக்கவே அவ்ளோ நல்லா வந்திருந்துச்சு, அப்புறம் தண்ணி கலந்த வெள்ளைப் பசைய சிரிஞ்ச்ல எடுத்து முதல் சொட்ட விட்டேன். அது உள்ள இறங்கவே இல்ல. தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நின்னுச்சு, நின்னதோட விடாம சுத்தி இருந்த ஜல்லியெல்லாம் தன் மேல ஒட்டிக்கிட்டு ஒரு பக்கமா நகர்ந்து போச்சு, போன இடத்துல பள்ளம். ரெண்டாவது சொட்டும் அதே தான்.

காரணம் ரொம்ப நாள் கழிச்சு தான் புரிஞ்சுது. எச்ஓன்னு சொல்ற இந்த மாடல் ரயில் ஸ்கேல்ல நாம எல்லாத்தையும் 87ல ஒரு பங்கா ஆக்குறோம். நிஜத்துல 3ல இருந்து 6 செ.மீ வரைக்கும் இருக்குற ஜல்லிக் கல்லு இங்க அரை மி.மீ சுத்து வட்டாரத்துல வந்துடும். ஆனா தண்ணிக்கு நம்ம ஸ்கேல் தெரியாதே. 3 மி.மீ சொட்டு ஒண்ண அந்தக் குட்டி உலகத்துக்குள்ள வச்சுப் பாத்தா 26 செ.மீ விட்டம், ஒரு ஃபுட்பால விடப் பெரிய தண்ணி உருண்டை அந்தத் தண்டவாளத்து மேல விழுது, அதோட பரப்பு இழுவிசை கொஞ்சமும் குறையல, கல்லு மட்டும் தான் எடை இல்லாமப் போயிருக்கு. அது கல்லத் தூக்கிட்டுப் போகாம என்ன செய்யும்? இப்பல்லாம் முதல்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால பனி மாதிரி ஸ்ப்ரே பண்ணி ஜல்லிய நனைச்சுடுவேன், பசைலயும் பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு, அப்புறம் ஸ்லீப்பர் ஓரத்துல சிரிஞ்ச் முனைய வச்சா பசை தானா உள்ள உறிஞ்சிக்கிட்டுப் போகும், ஒரு கல்லு அசையாது.

மாடல் ரயில்னா பெருச சிறுசாக்குறதுன்னு தான் எல்லாரும் நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் உள்ள வந்தேன். இத்தனை வருஷத்துல எனக்குத் தெரிஞ்சது வேற. சிறுசாக்குறது சுலபமான பாதி, கால்குலேட்டர் இருந்தா போதும். மீதிப் பாதி முழுக்க சுருங்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற விஷயங்களோட தான் போகுது. தண்ணி, எடை, நேரம், வெளிச்சம், அழுக்கு, என்னோட விரல். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடிக்கணும், அந்தச் சமாதானம் தான் இந்த வேலைன்னு எனக்குத் தோணுது.

எடையையே எடுத்துக்கங்க. 100 டன் லோகோ, அதாவது ரயில் இன்ஜின், ஒண்ணு. நீளம், அகலம், உயரம் மூணும் 87ஆல வகுபடுது, அப்ப எடை 87ஐ மூணு தடவ பெருக்கினா வர்ற 6,58,503ஆல வகுபடணும். 152 கிராம் வருது. உலோகச் சட்டம் உள்ள வச்ச எச்ஓ லோகோ பலதும் இத விட ரெண்டு மூணு மடங்கு கனம், ஏன்னா 152 கிராம வச்சுக்கிட்டு நாலு பெட்டிய ஏத்தத்துல இழுக்கக் கஷ்டப்படும். ஆனா கனம் கூட இருந்தும் அந்த "கனமா இருக்கு"ங்கற உணர்வு ஓட்டத்துல வராது. நிஜ ரயில் பிரேக் போட்டா நிக்க நூத்துக்கணக்கான மீட்டர் ஆகும், நம்ம லோகோவுக்கு கரண்ட நிறுத்தினா அந்த இடத்துலயே டக்குனு நிக்கும். உள்ள இருக்குற வார்ம் கியர் காரணம், மோட்டார் சக்கரத்தச் சுத்தும், சக்கரம் மோட்டார சுத்த முடியாது, அதனால மோட்டார் நின்ன நிமிஷம் சக்கரமும் பூட்டிக்கும்.

ஆரம்பத்துல எனக்கு இதெல்லாம் கண்ணுல படவே இல்ல. என் லோகோவ ஒரு பெரியவர் கிட்ட காட்டினேன், ரொம்ப காலமா இதே வேலையா இருக்குறவர். நான் பெயிண்ட், நம்பர் பிளேட், டிரைவர் பொம்மைன்னு சொல்லிக்கிட்டே போறேன், அவர் எதையும் பாக்கல, "மெதுவா ஓட்டிக் காட்டுங்க தம்பி"ன்னார். ஓட்டினேன். "இன்னும் மெதுவா". குறைச்சேன், ரெண்டு தடவ துள்ளிட்டு நின்னுடுச்சு. அவர் ஒண்ணும் குறையாச் சொல்லல, "நிக்கும்போது அழகா இருக்கு, ஓடும்போது பொம்மையாயிடுது"ன்னு மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைல தான் நான் திசை மாறினேன்.

மெதுவா ஓட்டுறதுக்கு ரெண்டு வழி சேந்து வரணும். ஒண்ணு ஃப்ளைவீல், மோட்டார் தண்டுல மாட்டுற பித்தளை உருளை, கரண்ட் நின்னாலும் அது கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டு மோட்டார நிக்க விடாது. இன்னொண்ணு டிசிசி, லோகோவ டிஜிட்டலா ஓட்டுற முறை. ஜெர்மனியோட லென்ஸ் கம்பெனி உருவாக்கினத அடிப்படையா வச்சு அமெரிக்காவோட என்எம்ஆர்ஏங்கற மாடல் ரயில் சங்கம் 1990கள்ல தரப்படுத்தின முறை இது, தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், லோகோவுக்குள்ள இருக்குற டிகோடர் தான் எவ்ளோ எடுக்கணும்னு முடிவு பண்ணும். அதுல சிவின்னு நம்பர் போட்ட செட்டிங்ஸ் இருக்கு, சிவி 2 கிளம்புற வோல்டேஜ், சிவி 3 வேகம் ஏறுற நேரம், சிவி 4 இறங்குற நேரம். சிவி 4ஐ நல்லா ஏத்தி வச்சுட்டா கன்ட்ரோலரோட நாப்ப சுழியத்துக்குத் திருப்பினாலும் ரயில் உருண்டு உருண்டு வந்து நிக்கும். யோசிச்சுப் பாத்தா எனக்கு இது இன்னிக்கும் ஆச்சரியம். எடை சுருங்கினதுல தொலைஞ்சு போன ஒண்ண, ஒரு சின்ன சிப்புல ரெண்டு நம்பர் மாத்தித் திருப்பிக் கொண்டு வர்றோம். சிவி 3, சிவி 4 ரெண்டையும் ஃபேக்டரில வந்த மதிப்புலயே விட்டு வச்சிருக்குறவங்க தயவு செஞ்சு ஒரு சாயங்காலம் ஒதுக்கி மாத்திப் பாருங்க, புது லோகோ வாங்கின மாதிரி இருக்கும்.

அழுக்கும் சுருங்காது. தண்டவாளத்து மேல படியுற அந்தக் கறுப்புக் கறை, தூசி, எண்ணெய், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல பொறியுற குட்டிக் குட்டிப் பொறி எல்லாம் சேந்து உருவாகுறது. ஒரு தூசி நிஜத்துல இருக்குற அதே அளவுல தான் நம்ம மேஜைலயும் இருக்கு, நிஜ ரயில் அத நசுக்கிட்டுப் போயிடும், நம்ம லோகோ அது மேல ஏறி கரண்ட விட்டுடும். டிசிசில '1'ங்கற பிட்டோட பாதி நீளம் 58 மைக்ரோ செகண்ட் தான், அந்த வேகத்துல வர்ற செய்தில நடுவுல ஒரு தூசி வந்தா அந்தப் பாக்கெட் போச்சு, நல்ல வேளையா கட்டளைகள் திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கும். வேகன்கள இழுத்துத் தள்ளி அடுக்குற நாலு சக்கர ஷன்டிங் லோகோ தான் ரொம்பப் பாவம், பாயிண்ட்டோட, அதாவது பாதை பிரியுற இடத்தோட, நடுவுல தண்டவாளம் குறுக்க வெட்டுற பிளாஸ்டிக் ஃபிராக் மேல ஒரு சக்கரம், அழுக்கு மேல இன்னொரு சக்கரம், முடிஞ்சது. அதனால மின்சாரம் பாயுற ஃபிராக் உள்ள பாயிண்ட்டையே போடுங்க, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கீழ இருந்து தனியா ஒயர் சால்டர் பண்ணுங்க, இணைப்புத் தகட நம்பாதீங்க, இடம் இருந்தா லோகோவுக்குள்ள, கரண்ட் விட்டுப் போற நொடியத் தாங்குற கீப்-அலைவ் கெபாசிட்டர் வைங்க. நான் மூணையும் செய்யுறேன். லேஅவுட்டுக்கு, அதாவது மொத்த ரயில் அமைப்பும் நிக்குற மேஜைக்கு, அடில படுத்துக்கிட்டு தலைக்கு மேல சால்டர் பண்றது கஷ்டம் தான், ஆனா அந்த ஒயர் வேலைய ஒழுங்காப் பண்ணின லேஅவுட் பல வருஷத்துக்கு நிம்மதியா ஓடும்.

மோட்டார் சுருங்காததால ஒரு ஸ்கேலே பிறந்திருக்குங்கறது தெரியுமா? பிரிட்டிஷ் லோகோக்கள் மத்த ஐரோப்பிய லோகோக்கள விடக் கொஞ்சம் ஒல்லி, குள்ளம், அங்க பாலமும் சுரங்கமும் அப்படி. எச்ஓ அளவுல, அதாவது ஒரு அடிக்கு 3.5 மி.மீ கணக்குல செஞ்சா அந்தக் காலத்து மோட்டார் உள்ள அடங்கல. அதனால உடம்ப மட்டும் அடிக்கு 4 மி.மீன்னு பெருசாக்கிட்டு தண்டவாளத்த அதே 16.5 மி.மீல விட்டுட்டாங்க, அது தான் ஓஓ. 1,435 மி.மீ அகலம் இருக்க வேண்டிய பாதை அந்தக் கணக்குல 1,257 மி.மீ தான் வருது, முன்னாடி இருந்து பாத்தா லோகோ ஒடுக்கமான கால்ல நிக்குற மாதிரி தெரியும். பொறுக்க முடியாதவங்க 18.2 மி.மீக்குப் போனாங்க, அதுவும் போதாதவங்க 18.83 மி.மீன்னு துல்லியமா பி4ங்கற அளவுக்குப் போனாங்க, அவங்க சக்கரம், பாயிண்ட் எல்லாத்தையும் கையாலயே கட்டிக்கிறாங்க. மோட்டார் எப்பவோ குட்டியாயிடுச்சு, ஆனா அந்த ஒடுக்கமான கால் அப்படியே நின்னுடுச்சு.

சரி, எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன், லோகோ டீடெயிலிங், குட்டிக் குட்டி பாகங்கள நுணுக்கமா சேக்குற வேலை. இதுல சுருங்காதது பிளாஸ்டிக். அச்சுல வார்க்குற சுவருக்கு ஒரு தடிமன் வேணும், வேகன் பக்கச் சுவர் 1 மி.மீன்னா நிஜத்துல அது 87 மி.மீ, ஏதோ கோட்டைச் சுவர் மாதிரி. முழுசா மெலிசாக்க வேண்டியதில்ல, கண்ணுல படுற மேல் விளிம்ப மட்டும் உள்பக்கமா சாய்வா அரம் போட்டா கண்ணு அந்த விளிம்பப் பாத்துட்டு முழுத் தகடும் மெலிசுன்னு நம்பிக்கும். ஹேண்ட்ரெயிலும், அதாவது கைப்பிடிக் கம்பியும், இப்படித்தான். நிஜத்துல 25 மி.மீ கம்பி, எச்ஓல 0.3 மி.மீக்கும் கம்மி, அத பிளாஸ்டிக்ல தனியா வார்த்தா உடையும்னு உடம்போட சேத்து ஒரு மேடா வார்த்துடுவாங்க. அந்த மேட செதுக்கித் தள்ளிட்டு கம்பி போடுறது தான் என்னோட பல சாயங்காலங்கள்.

பட்டையான உளி பிளேட வச்சு மேட ஒரே தடவைல எடுக்கப் பாக்கக் கூடாது, சீவல் சீவலா, கடைசி ஒரு மயிரிழைய நைஸ் உப்புத் தாள்ல தண்ணி தொட்டு. துளை போடுறதுக்கு முன்னாடி ஊசியால ஒரு குழி போட்டுக்கணும், இல்லாட்டி டிரில் முனை நடந்து போயிடும். 0.35 மி.மீ டிரில், மோட்டார் வேண்டாம், கைல சுத்துற பின் வைஸ். 0.3 மி.மீ பித்தளைக் கம்பிய வளைச்சு துளைல நுழைச்சு, கம்பிக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு அட்டைத் துண்ட வச்சுக்கிட்டா எல்லா இடத்துலயும் ஒரே இடைவெளி கிடைக்கும், சூப்பர் குளூவ வெளிய இருந்து வைக்காம உள்பக்கத்துல இருந்து ஊசி முனைல தொட்டு வைக்கணும், அதிகமா வச்சா அதோட ஆவி பட்டு சுத்தியும் வெள்ளையாப் பூத்துடும். பித்தளைல சாதாரண பெயிண்ட் நிக்காது, எட்ச் பிரைமர் அடிச்சே ஆகணும். ஒரு சின்ன ஷன்டிங் லோகோவோட ஒரு பக்கத்துக்கு எனக்கு மூணு சாயங்காலம் ஆச்சு.

இவ்ளோ சொன்னேன்னு எல்லாத்தையும் மாத்தணும்னு நான் சொல்லல. என் கணக்கு ஒண்ணு இருக்கு. லேஅவுட் முன்னாடி நின்னா என் கண்ணு தண்டவாளத்துல இருந்து அரை மீட்டர் தூரத்துல இருக்கு, அந்த உலகத்துல அது 43 மீட்டர். நிஜ லோகோ ஒண்ண 43 மீட்டர் தள்ளி நின்னு பாத்தா என்ன தெரியும்? ரிவெட் தலை அனேகமாத் தெரியாது. ஹேண்ட்ரெயிலுக்கும் உடம்புக்கும் நடுவுல விழுற நிழல் தெரியும், சக்கர ஆரத்துக்கு நடுவுல அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும், கூரைல புகை படிஞ்ச விதம் தெரியும், எங்க கை பட்டுப் பட்டு பெயிண்ட் தேஞ்சிருக்குன்னு கூடத் தெரியும். அதனால நான் நிழல் விழுறதுக்குத் தான் முதல் மரியாதை குடுப்பேன், ரிவெட்டுக்கு அப்புறம். இன்னொண்ணு, நிஜ ரயில நாம கீழ இருந்து பாக்குறோம், மாடல மேல இருந்து பாக்குறோம், அதனால கூரை தான் மாடலோட முகம், ஆனா பல பேரு கூரைய ஒரே சாம்பல் நிறம் அடிச்சு விட்டுடுறாங்க, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

அந்த 43 மீட்டர் நிறத்துலயும் வேலை செய்யும். தூரத்துல இருக்குற கறுப்பு கறுப்பா இருக்காது, நடுவுல இருக்குற காத்து அத வெளிற வைக்கும், மேஜைல அரை மீட்டர் காத்து தான் இருக்கு, அது எதையும் வெளிற வைக்காது, அதனால அந்த வெளிறல நாமளே பெயிண்ட்ல கலக்கணும். நான் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் லோகோ மேல அடிக்குறதே இல்ல, கறுப்புன்னா இருட்டுச் சாம்பல், அதுல ஒரு துளி பழுப்பு. பழைய கரி இன்ஜின் அழுக்காகுறதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. சேஃப்டி வால்வுக்குக் கீழ சுண்ணாம்பு வெள்ளைக் கோடு, சக்கரம் பக்கம் பிரேக் கட்டைல இருந்து பறந்த பழுப்புத் தூள், மேல புகைக் கரி, தண்ணி ஊத்துற மூடி ஓரத்துல ஒழுகின தடம். எல்லாம் மேல இருந்து கீழ தான் வரும், அதனால பிரஷ்ஷும் மேல இருந்து கீழ தான் போகணும். நல்லா தின்னர் கலந்த வாஷ அடிச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு லேசா தின்னர் தொட்ட பட்டை பிரஷ்ஷால கீழ்ப்பக்கமா இழுத்தா ஒழுகின தடம் தானா வந்துடும். பிக்மென்ட் பவுடர் போட்டா மேல வார்னிஷ் அடிச்சதும் பாதி காணாமப் போகும், அத எதிர்பாத்து கொஞ்சம் கூடவே போடணும்.

மாடல் அழுக்கா இருக்கலாம்ங்கறத உலகத்துக்குக் காட்டினவங்கள்ல முக்கியமானவர் ஜான் ஆலன். தொழில்ல போட்டோகிராஃபர், கலிஃபோர்னியாவோட மான்டெரேல வீட்டுக்கு அடில 'கோரி அண்ட் டிஃபீட்டட்'னு ஒரு எச்ஓ லேஅவுட் கட்டினார். எல்லாரும் புதுசா பளபளன்னு வச்சிருந்த காலத்துல துருப்பிடிச்ச வேகனும் சாய்ஞ்ச கொட்டகையுமா வச்சார், கண்ணாடிய ஒளிச்சு வச்சு தெருவ நீளமாக்கினார். 1973 ஜனவரில அவர் இறந்து போன சில நாள்லயே தீ விபத்துல அந்த லேஅவுட் பெரும்பாலும் அழிஞ்சுடுச்சு. அவர் எடுத்த போட்டோக்கள் தான் இப்ப முக்கியமா மிச்சம், அதுல ஒண்ணப் பாத்தா எது சுருங்கல, எதுல சமாதானம் பண்ணிக்கிட்டார்னு எனக்குக் கண்டுபிடிக்கவே முடியாது.

தூரமும் வளைவும் தான் ரொம்பக் கொடுமை. ஒரு கிலோமீட்டர் எச்ஓல 11 மீட்டர் 49 செ.மீ. 300 மீட்டர் ஆரம் உள்ள வளைவே மெயின் லைன்ல இறுக்கமானது, அத அப்படியே சுருக்கினா 3.4 மீட்டர் ஆரம், ரயில் திரும்பி வர ஏழு மீட்டர் அகல ரூம் வேணும். நாம போடுறது 36 செ.மீ, 44 செ.மீ. 100 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 32 செ.மீ, நாலு மீட்டர் லேஅவுட்ட 12 செகண்ட்ல தாண்டிடும், கிளம்பினதும் வந்துடுச்சு. இதுக்குத் தான் ஃபாஸ்ட் கிளாக்னு வச்சுக்கிறாங்க, நிஜத்துல பத்து நிமிஷம் போனா கடிகாரம் ஒரு மணி நேரம் காட்டும், டைம் டேபிள அதுக்கு எழுதி ஓட்டுவாங்க. ஹாம்பர்க்ல 2001ல திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட்ல ஒரு முழு நாளே கால் மணி நேரத்துல முடிஞ்சுடும், விளக்கெல்லாம் மங்கி லட்சக்கணக்கான எல்இடி எரியும்போது பாக்குறவங்க பேச்ச நிறுத்திடுவாங்க.

என் கிட்ட அவ்ளோ இடம் இல்ல, அதனால நான் தூரத்தயே விட்டுட்டேன். ஆலன் ரைட்டுங்கற ஆங்கிலேயர் உருவாக்கின இங்கிள்நூக்னு ஒரு அமைப்பு, ஒரு பலகைல அடங்கும். மூணு சைடிங், அதாவது பக்கப் பாதை, ஒண்ணுல அஞ்சு வேகன், மத்த ரெண்டுல மூணு மூணு, முன்னாடி லோகோவும் மூணு வேகனும் நிக்குற அளவு பாதை. மொத்தம் எட்டு வேகன், சீட்டுக் குலுக்கி அஞ்சு எடுத்து சீட்டு வந்த அதே வரிசைல கோக்கணும். 8, 7, 6, 5, 4 பெருக்கிப் பாருங்க, 6,720 வரிசை. எங்கயும் போகாத ரயில், ஆனா வேலை தீராது. மெதுவா ஓடுற லோகோவுக்கு இத விடப் பொருத்தமான வீடு கிடையாது.

தண்ணிய பத்தித் தொடங்கினதால ஒரு விஷயம் சொல்லிடுறேன். ஒரு குளம் செய்ய ரெசின் ஊத்தினேன், பலகை ஓரத்த நல்லா அடைச்சுட்டோம்னு நினைச்சு ஒரே தடவைல ஊத்திட்டுத் தூங்கப் போயிட்டேன். காலைல குளத்துல பாதி இல்ல, தரைல ஒரு கண்ணாடித் தட்டு மாதிரி கெட்டியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மீதி இருந்தது கரைப் புல்லு மேல எல்லாம் ஏறி நின்னுச்சு. இப்ப ரெண்டு மூணு மி.மீக்கு மேல ஒரு தடவைல ஊத்துறதில்ல, ஆழத்த ரெசின்ல தேடாம அடில பெயிண்ட்ல குடுக்குறேன், நடுவுல இருட்டு, கரைல மண் நிறம்.

மரம், விளக்கு எல்லாம் இதே கதை தான். 20 மீட்டர் மரம் எச்ஓல 23 செ.மீ, எல்லாரும் பத்து செ.மீலயே நிறுத்திடுறோம், ஒரே ஒரு மரமாவது முழு உயரத்துக்கு வைங்க, ஸ்டேஷனே சட்டுனு நிஜமாயிடும். எல்இடிக்கு பெரிய ரெசிஸ்டர் போட்டு கண்ணு கூசாத அளவுக்கு மங்க வைங்க, வீட்டுச் சுவருக்கு உள்பக்கம் கறுப்பு அடிங்க, இல்லாட்டி சுவரே விளக்கு மாதிரி எரியும். தோட்டத்து மண்ணச் சலிச்சுப் போடுறதுன்னா முதல்ல காந்தத்த அதுக்குள்ள ஓட்டிடுங்க, இரும்புத் துகள் மோட்டாருக்குள்ள போனா அவ்ளோ தான்.

நேத்து ராத்திரி அந்த ஷன்டிங் லோகோவ, ஒரு பக்கம் மட்டும் ஹேண்ட்ரெயில் போட்டத, இங்கிள்நூக் பலகைல வச்சேன். ரூம் லைட்ட அணைச்சுட்டு, ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு கண்ண தண்டவாளத்து மட்டத்துக்குக் கொண்டு வந்து உக்காந்தேன். அஞ்சு கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 1.6 செ.மீ, ஒரு மீட்டர் தாண்ட ஒரு நிமிஷம். மூணு வேகனத் தள்ளிக்கிட்டு ஸ்லீப்பர் ஸ்லீப்பரா வந்துச்சு, பாயிண்ட் பக்கத்துல வந்தப்ப நான் மூச்ச அடக்கிக்கிட்டேன், முன் சக்கரம் ஃபிராக் மேல ஏறி இறங்குச்சு, பின் சக்கரம் ஏறி இறங்குச்சு, ஹெட்லைட் ஒரு தடவ கூட கண் சிமிட்டல. கம்பியோட நிழல் உடம்பு மேல ஒரு மெல்லிசான கோடா கூடவே வந்துச்சு.